கழுவாத குவளைகள்

செருப்பை வெளியே விட்டுவிட்டு வா, இசக்கியம்மா. அந்தக் குழாயில் காலைக் கழுவிக்கொள். குதிகாலையும் சேர்த்து. ம், இப்போது உள்ளே வா. நாற்காலியிலேயே உட்காரலாம், எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. சுத்தம் ஒன்றுதான் எனக்குக் கணக்கு.

வேலை ஒன்றும் பெரிதில்லை. வீட்டில் நான் ஒரே ஆள். பெருக்கித் துடைக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். துணியை நானே துவைத்துக்கொள்வேன். ஆனால் அடுத்த வாரம் என் மகன் வருகிறான். அவன் அம்மாவுக்குத் தெவசம். வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவன் இப்போதுதான் முதல்முறையாக வீட்டுக்கு வருகிறான். அதற்குள் வீட்டை மேலிருந்து கீழ் வரை கழுவி எடுக்க வேண்டும். அதற்குத்தான் உனக்குச் சொல்லி அனுப்பினேன்.

முன்னால் வந்துகொண்டிருந்தவளை நான்தான் நிறுத்தினேன். உன்னிடம் என்ன சொன்னாள்? எனக்குக் கிறுக்கு என்றாளா? சொல்லட்டும். ஏன் நிறுத்தினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரிய வேண்டும். தெரிந்துகொண்டு வேலைக்கு வந்தால் பிறகு சண்டை இருக்காது.

முப்பத்தோரு வருஷம் சுகாதார ஆய்வாளராக இருந்தவன் நான். டவுனில் 'பிளீச்சிங்' பிரம்மநாயகம் என்று சொன்னால் அல்வாக் கடைக்காரர்கள் இன்றைக்கும் ஈ மொய்க்கிற தட்டை மூடி வைப்பார்கள். நான் தெருமுனையில் திரும்பும்போதே டீக்கடைகளில் கண்ணாடிக் கிளாஸ்களைச் சுடுதண்ணீரில் முக்குகிற சத்தம் கேட்கும். எச்சில் கிளாஸைச் சும்மா தண்ணீரில் ஒரு அலசு அலசி அடுத்த ஆளுக்குக் கொடுத்த கடையை நான் அன்றைக்கே பூட்டியிருக்கிறேன். கடைக்காரன் காலில் விழுந்தான். காலில் விழாதே, கையைக் கழுவு என்றேன்.

அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் என் மகன் எங்கே நிறுத்தினான் தெரியுமா? கேள்.

அவன் பெயர் ஆவுடையப்பன். ஆவுடை என்போம். இங்கே நுண்ணுயிரியல் படித்தான். நான் சொல்லிப் படித்தான். கிருமிகளைப் பற்றிய நல்ல படிப்பு. அவன் அம்மா கோமதி இறந்த அடுத்த வருஷம், திடீரென்று, 'அப்பா, நான் வேற படிக்கப் போறேன்' என்றான். என்ன படிப்பு என்றால், பழைய கட்டடங்களையும் பழைய சாமான்களையும் அப்படியே கெடாமல் வைத்துக்கொள்கிற படிப்பாம். இதற்கு ஒரு படிப்பு! அதற்கு இங்கிலாந்து வரை போக வேண்டும்! லண்டன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். லண்டன் இல்லை. யார்க் என்று வேறு ஊர். லண்டனிலிருந்து ரயிலில் வடக்கே போக வேண்டும். ஊரைச் சுற்றிக் கோட்டைச் சுவர், நடுவில் ஆறு. ஆற்றுத் தண்ணீர் நம் தாமிரபரணியில் வெள்ளம் வருகிறபோது இருக்குமே, அந்த நிறம். எல்லா நாளும் அதே நிறம்.

போன வருஷம் அவன் பட்டம் வாங்குகிறான் என்று என்னை அழைத்தான். போனேன். அந்த ஊர் ஆட்கள் அவனை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்கிறாய்? 'ஆவி.' உயிரோடிருக்கிற பிள்ளையை ஆவி என்கிறார்கள். நானும் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தேன், ஆ-வு-டை என்று. ம்ஹும். ஆவிதான்.

படித்த காலத்தில் இவன் செய்ததெல்லாம் என்ன? பழைய பப்புகளையும் பழைய மியூசியங்களையும் தேடிக் கண்டுபிடித்திருக்கிறான். பப் என்றால் வேறொன்றுமில்லை, சாராயக் கடைதான். எந்தச் சந்தில் எந்தக் கடை, அதன் கதவு எந்த ராஜா காலத்தது, எந்த வீட்டு மாடியில் ஒற்றை அறை மியூசியம் இருக்கிறது, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அந்த ஊர்க்காரனுக்கே தெரியாத கடையெல்லாம் இவனுக்குத் தெரிகிறது. சனிக்கிழமைதோறும் வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறான். என்னையும் கூட்டிப்போனான். 'அப்பா, ரெண்டு வருஷமா நான் என்ன செஞ்சேன்னு நீங்க பாக்கணும்' என்றான். பார்த்தேன். என்னத்தைச் சொல்ல.

முதலில் ஒரு மியூசியம். வரிசையில் நின்று, டிக்கெட் வாங்கி, உள்ளே போனோம். இருட்டறை. நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் விளக்கு. விளக்கு வெளிச்சத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் என்கிறாய்? நகையா? கிரீடமா?

மலம், இசக்கியம்மா. மனுஷ மலம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எவனோ வெளிக்கு இருந்துவிட்டுப் போனது. கல்லாக இறுகிக் கிடக்கிறது. அதைச் சுற்றிக் குழந்தை குட்டிகளோடு நின்று போட்டோ எடுக்கிறார்கள். வேலை பார்த்த காலமெல்லாம் நான் எதைத் தெருவிலிருந்து ஒழிக்கப் பாடுபட்டேனோ, அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

'நாத்தம் இருக்காதுப்பா, அது கல்லு' என்றான் ஆவுடை. 'இதுல சாட்டைப்புழு முட்டை இருந்துச்சாம். அந்த ஆளு என்ன சாப்பிட்டான், வயித்துல என்ன நோவு, எல்லாம் கண்டுபிடிச்சிருக்காங்க.'

'லேய், இத்தனை கண்டுபிடிச்சவன் அன்னைக்கே ஒரு பூச்சி மாத்திரை குடுத்திருந்தா அவன் நல்லா இருந்திருப்பாம்லா' என்றேன்.

சிரித்துவிட்டான். அவன் அம்மா மாதிரியே, சத்தம் வராமல் தோளைக் குலுக்கிச் சிரிப்பான். மியூசியத்துக்கு வெளியே வந்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைச் சொல்லத்தான் வந்தேன். சரி, அது இருக்கட்டும்.

பிறகு பப்புகள். ஒன்றா இரண்டா. ஒரு கடையில் வாசல் இத்தனை உயரம்தான், குனிந்துதான் போக வேண்டும். உள்ளே கம்பளம் விரித்திருக்கிறார்கள். சாராயம் சிந்திச் சிந்தி, கால் வைத்தால் செருப்பு ஒட்டுகிறது. எடுத்தால் 'ப்ளக்' என்று சத்தம். மேஜை துடைக்கிற அதே துணியால் கிளாஸையும் துடைக்கிறான். கண்ணால் பார்த்தேன். ஒருத்தன் நாயைக் கூட்டி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறான். அது மேஜையில் முகவாயை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறது. இன்னொரு கடையில் கணப்பு அடுப்புக்கு மேலே செத்த பூனை. வீடு கட்டும்போது பேய் வராமலிருக்கச் சுவருக்குள் பூனையை வைத்துப் பூசுவார்களாம். சுவரை இடித்தபோது கிடைத்ததாம். காய்ந்து கருவாடாகிப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்து மீன் வறுவல் தின்கிறார்கள்! ச்சீ.

'இந்தச் சுவத்துல பாருங்கப்பா, கோடு தெரியுதா? வெள்ளம் வந்தப்போ தண்ணி இந்த உயரத்துக்கு நின்னுருக்கு' என்று தொட்டுக் காட்டுவான், சாமி சிலையைத் தொடுகிற மாதிரி.

'வெள்ளம் வந்த சுவத்துல ஏன்லே சுண்ணாம்பு அடிக்கல?' என்பேன்.

நான் எதையும் குடிக்கவில்லை. என் எவர்சில்வர் டம்ளரைப் பையில் கொண்டுபோயிருந்தேன். போகிற கடையிலெல்லாம் சுடுதண்ணீர் கேட்டு அதில் வாங்கிக் குடித்தேன். இதில் என்ன வெட்கம்? ஆவுடைதான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான்.

கடைசியாக அவனுடைய சொந்தக் கடை மாதிரி ஒரு கடைக்குக் கூட்டிப்போனான். ஆற்றங்கரையில் இருக்கிறது. பெயர் 'குருட்டுப் படகோட்டி'. குருடன் ஓட்டுகிற படகில் எவன் ஏறுவான்? அந்தக் கடையை நடத்துகிறவள் டோரீன் என்று ஒருத்தி. எழுபது வயசு இருக்கும். வாசலில் என்னைப் பார்த்ததும் 'வாங்க, லவ்' என்றாள்! எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஆவுடை பதறிப்போய், 'அப்பா, அது இங்க எல்லாரையும் கூப்பிடறதுதான், நம்ம ஊர்ல அண்ணாச்சின்னு சொல்ற மாதிரி' என்றான். அண்ணாச்சியும் அதுவும் ஒன்றா? நல்ல மனுஷிதான், அதை நான் மறுக்கவில்லை. சனி, ஞாயிறு காலைகளில் கடை திறக்கும் முன்னால் பெருக்கித் துடைக்கிற வேலையை இவனுக்குக் கொடுத்திருந்தாள். சாவியையே கொடுத்து வைத்திருந்தாள். ஆமாம், உன் வேலைதான். என் மகன் அங்கே அந்த வேலையைத்தான் பார்த்தான். ஊரில் சொல்லிவிடாதே.

அந்தக் கடையில், சாராயம் ஊற்றிக் கொடுக்கிற மேடைக்கு நேர் மேலே, ஒரு கருப்பு உத்தரம். அதில் வரிசையாகக் கொக்கி. கொக்கிகளில் ஈயக் குவளைகள், ஒரு டஜனுக்கு மேல் இருக்கும். நம் வீட்டு ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இருக்கிறதே, அதே சாதி, கைப்பிடி வைத்தது. ஆனால் ஈயம் என்று எனக்கு முதலில் தெரியவில்லை. அவ்வளவு தூசு! பஞ்சு பொதிந்து வைத்த மாதிரி. ஒட்டடை நூல் நூலாகத் தொங்குகிறது. யாராவது கதவைத் திறந்தால் ஆடுகிறது. அதற்குக் கீழே ஆட்கள் உட்கார்ந்து தின்கிறார்கள்.

'இது என்னலே கண்றாவி?'

ஆவுடை குரலைத் தாழ்த்திச் சொன்னான். முதல் உலக யுத்தத்துக்குப் போனார்களே, அந்தத் தெருப் பையன்கள், அவர்களுடைய குவளைகளாம். போகிற அன்றைக்கு எல்லாரும் அந்தக் கடையில் கடைசியாக ஒருமுறை குடித்தார்களாம். குடித்துவிட்டு, கழுவாமல் அப்படியே தொங்கவிட்டார்களாம், 'வந்து கழுவிக்கிடுதோம்' என்று சொல்லி. திரும்பி வந்தவன் தன்னுடையதை எடுத்துக் கழுவிக்கொண்டான். வராதவர்களுடையதுதான் தொங்குகிறது. டோரீனுடைய தாத்தாவின் தம்பி ஒருவனுடையதும் அதில் உண்டாம். அன்றையிலிருந்து ஒருத்தரும் அதைத் தொட்டதில்லை. சுண்ணாம்பு அடித்தாலும் அந்த இடத்தை விட்டுவிட்டு அடிப்பார்களாம்.

'எச்சில் குவளையா? நூறு வருஷத்துக்கு மேலயா?' என்றேன்.

'ஆமாப்பா.'

'இங்க சுகாதார ஆய்வாளர்னு ஒருத்தன் கிடையாதா?'

'வருவாரு. அவரும் இதைத் தொட மாட்டாரு.'

'என்னத்தை வாங்குனானோ' என்றேன்.

இதில் இன்னொன்றும் இருந்தது. ஊரில் ஒரு சின்ன மியூசியம் இருக்கிறது. அந்தக் குவளைகளை அங்கே கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஆறு மாசம் காட்டலாம் என்று ஆவுடைதான் யோசனை சொல்லியிருந்தான். டோரீன் முதலில் முடியாது என்றாளாம். இவன் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறான். அது நல்லபடியாக நடந்தால் மியூசியத்தில் இவனுக்கு நிரந்தர வேலை. அவன் பட்டம் வாங்கியதைவிட அதைத்தான் பெரிதாகச் சொன்னான். 'இது மட்டும் அமைஞ்சா போதும்பா, எனக்கு வேற எதுவும் வேண்டாம். அஞ்சு வருஷமாவது இங்கேயே இருந்துடுவேன்' என்றான். எனக்கும் சந்தோஷம்தான். யார் இல்லை என்றது? பிள்ளைக்கு வேலை கிடைத்தால் தகப்பனுக்குச் சந்தோஷம் இருக்காதா?

குவளைகளை எடுக்க மியூசியக்காரர்கள் ஒரு சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. காலையில் கடையைப் பெருக்க ஆவுடை போனபோது நானும் கூடப் போனேன். போகிற வழியில் ஒரு தமிழ்க் கடையில் புளியும் வெந்தயமும் வாங்கிக்கொண்டோம், மத்தியானம் அவன் அறையில் புளிக்குழம்பு வைக்கலாம் என்று. டோரீன் முடி திருத்தப் போயிருந்தாள். மியூசியக்காரர்கள் போட்டோ எடுப்பார்களாம், அதற்கு. பெருக்கி முடித்ததும் ஆவுடை, மியூசியத்திலிருந்து அட்டைப்பெட்டிகளைத் தூக்கி வர ஆள் வேண்டும் என்று கிளம்பினான்.

'அப்பா, இங்கேயே இருங்க. எதையும் தொடாதீங்க. நான் வாரேன்.'

'இந்தத் தூசியோடவா கொண்டுபோகப் போறீங்க?'

'தூசும் சேத்துத்தான்பா. தூசுதான் முக்கியம்.'

போய்விட்டான். நான் உத்தரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீயே யோசித்துப் பார். நாளைக்கு ஊர் பூராவும் வந்து பார்க்கும். இதைக் கொண்டுவந்தது யார் என்று கேட்பார்கள். என் மகன் பெயரைச் சொல்வார்கள். 'பிளீச்சிங்' பிரம்மநாயகத்தின் மகன் கொண்டுவந்தது எச்சில் பாத்திரமா? அது ஒன்று. இரண்டாவது, செத்தவர்கள் விஷயம். நம் வீட்டில் தெவசம் என்றால் என்ன செய்கிறோம்? அவர்கள் புழங்கின செம்பையும் தட்டையும் புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று வைக்கிறோமா இல்லையா? வருகிறவர்களுக்கு எச்சிலிலா வைப்போம்? பாவம், அந்தப் பையன்களுக்கு நூறு வருஷமாக ஒருத்தர் அதைச் செய்யவில்லை. அவர்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தானே.

பையில் புளி இருந்தது. பிறகென்ன.

நாற்காலி போட்டு ஏறி ஒவ்வொன்றாக இறக்கினேன். உள்ளே பார்த்தால், உவ்வே, அடியில் கருப்பாக, தார் மாதிரி ஒட்டிக் கிடக்கிறது, அவர்கள் குடித்து மீந்தது. ஒன்றில் ஒரு அந்துப்பூச்சி செத்து இறகு மட்டும் இருந்தது. மேடைக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் சுடுதண்ணீரைப் பிடித்து எல்லாவற்றையும் ஊறப் போட்டேன். முதல் தண்ணீர் சாக்கடை மாதிரி வந்தது. கொட்டினேன். இரண்டாவது தண்ணீர் பழுப்பாக வந்தது. கொட்டினேன். பிறகு புளியைக் கரைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க எழுத்து தெரிகிறது. ஆணியால் கீறின எழுத்து, அவரவர் பெயரின் முதல் எழுத்தாக இருக்கும். விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் கறை அரை வட்டமாகப் படிந்திருந்தது. வாய் வைத்துக் குடித்த இடம். எல்லாக் குவளையிலும் அந்தக் கறை இருந்தது. எச்சில் பாரு. அந்த இடத்தில் கூடுதலாகத் தேய்த்தேன்.

துடைத்து, எந்தக் கொக்கியில் எது இருந்ததோ அதே கொக்கியில் மாட்டினேன். ஒழுங்கு எனக்கு முக்கியம். உத்தரத்தையும் துடைத்துவிட்டேன். அப்போது வெயில் வந்தது. அந்த ஊரில் வெயில் வருவதே அபூர்வம். ஜன்னல் வழியாக வந்து விழுந்ததும் எல்லாம் மின்னியது. கோயில் மணி வரிசை மாதிரி. எனக்கே கண் கலங்கிவிட்டது.

முதலில் வந்தது டோரீன். முடியையெல்லாம் சுருட்டி விட்டுக்கொண்டு, புதுச் சட்டையில் வந்தாள். 'ஹலோ, லவ்' என்று சொன்னவள் அண்ணாந்து பார்த்தாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். கிட்டே வந்தாள். ஓரத்தில் இருந்த ஒரு குவளையை, அதுதான் அவள் ஆளுடையது போலிருக்கிறது, எடுத்து உள்ளே பார்த்தாள். விரலை உள்ளே விட்டுத் தடவினாள். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள், 'தண்ணீரை எங்கே ஊற்றினீர்கள்?'

எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். தொட்டியைக் காட்டினேன். அவள் போய்த் தொட்டியின் ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாக்கடை அடைத்துக்கொள்ளுமோ என்று பயப்படுகிறாள் என்று புரிந்துகொண்டேன். 'கவலைப்படாதீங்கம்மா, அடைப்பு ஒண்ணும் இல்லை, கடைசியா கொதிக்கிற தண்ணி ரெண்டு வாளி விட்டிருக்கேன், எல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும்' என்று விளக்கமாகச் சொன்னேன். அவள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் ஆவுடை வந்தான். கூடவே மியூசியத்திலிருந்து இரண்டு பெண்கள், சாம்பல் நிற அட்டைப்பெட்டியோடு, வெள்ளைக் கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு. வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒருத்தி மற்றவளிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள். கையுறையைக் கழற்றினார்கள். மடித்துப் பைக்குள் வைத்தார்கள். டோரீனைக் கட்டிப்பிடித்து முதுகைத் தட்டினார்கள். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சுத்தமான குவளை வேண்டாமாம். அழுக்கு இருந்தால்தான் வேண்டுமாம். இப்படி ஒரு ஊரை நீ எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா?

ஆவுடை நேரே தொட்டிக்குப் போனான். தொட்டிக்குக் கீழே முழங்காலில் உட்கார்ந்து, ஸ்பேனரைக் கொண்டு குழாயைக் கழற்றி, வளைவில் நின்ற தண்ணீரை ஒரு வாளியில் பிடித்தான். அதற்குள் கையை விட்டுத் துழாவினான். புளிச் சக்கைதான் இருந்தது.

'லேய், வெறுங்கையை ஏன்லே விடுதே, கிருமி' என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். 'அப்பா' என்றான். அவ்வளவுதான்.

டோரீன் என்ன செய்தாள் தெரியுமா? என் டம்ளரைக் கேட்டு வாங்கினாள். அதில் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். கொஞ்சம் சிந்தியது. 'உட்காருங்கள், லவ்' என்றாள். கோபம் இருந்தால் டீ போட்டுக் கொடுப்பாளா? சொல். இவன்தான் பெரிதாக்கிவிட்டான். வேலை இல்லை என்று மியூசியத்தில் சொல்லிவிட்டார்களாம். சொன்னால் போகிறது. மலத்துக்கு விளக்குப் போடுகிற ஊரில் ஒரு வேலையா?

நான் கிளம்புகிற வரை அன்றாடம் சமைத்துப் போட்டேன். சாப்பிட்டான். விமான நிலையத்தில், 'மாத்திரை கைப்பையில இருக்கு' என்று மட்டும் சொன்னான். அந்த ஊரையும் விட்டுவிட்டான். இப்போது லீட்ஸில் ஏதோ கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். பழைய கடை, பழைய மியூசியம் என்று எதற்கும் போவதில்லையாம். விட்டது சனி என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். 'சாப்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?' அதற்கு மேல் கிடையாது. நான் ஏதாவது தமாஷாகச் சொல்லிப் பார்ப்பேன். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அவன் சத்தமில்லாமல் சிரிக்கிறவன் இல்லையா, அதனால் சிரிக்கிறானா இல்லையா என்று போனில் தெரிவதில்லை.

இந்தத் தடவை நேரில் வருகிறான். பார்த்தால் தெரிந்துவிடும்.

சரி, எழுந்து வா, வீட்டைக் காட்டுகிறேன். இது அடுக்களை. மேடையை இரண்டு வேளையும் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். தெவசப் பாத்திரமெல்லாம் அந்தப் பரணில் இருக்கிறது. இறக்கிப் புளி போட்டுத் துலக்கு. இது ஆவுடை அறை. மெத்தையை வெயிலில் போடு. இது குளியலறை. தரையைப் பிரஷ் போட்டு, மூலையெல்லாம். சுவர் ஓடு, குழாய், வாளி, எல்லாம் மின்ன வேண்டும்.

இந்தக் கண்ணாடி இருக்கிறதே, இதை மட்டும் தொடாதே.

ஆமாம், தூசுதான். தண்ணீர்ப் புள்ளிதான். தெரியும். ஓரத்தில் பொட்டு ஒட்டியிருக்கிறது பார், அரக்குப் பொட்டு, வரிசையாக. கோமதி குளிக்கும்போது நெற்றியிலிருந்து எடுத்து இங்கே ஒட்டுவாள். பசை இருந்தால் மறுநாளும் அதையே வைத்துக்கொள்வாள். சிக்கனக்காரி. நானும் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன், கண்ணாடியை அசிங்கம் பண்ணாதே என்று. கடைசியாக ஒன்று இங்கே இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது முகம் கழுவ எடுத்து ஒட்டியது. அவசரத்தில் அதை எடுத்து நெற்றியில் வைக்க மறந்துவிட்டாள். ஆட்டோவில் ஏறும்போது, 'பொட்டு வைக்கலியே' என்று திரும்பினாள். 'வந்து வச்சுக்கிடலாம், ஏறு' என்றேன்.

முன்னால் வந்தவள் அதைத்தான் ஈரத் துணியால் துடைத்தாள். சுத்தம் பண்ணுகிறாளாம். நான் வந்து பார்க்கிறேன், காணோம். தண்ணீரை எங்கே ஊற்றினாய் என்று கேட்டேன். இந்த ஓட்டையைக் காட்டுகிறாள். மூடியைக் கழற்றிவிட்டுக் கையை விட்டுத் தேடினேன். வெளியே சாக்கடை மூடியையும் தூக்கித் தேடினேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் கிறுக்கு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று தெரியாதவளை வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? நீயே சொல்.

அது இருந்த இடம் இதுதான். பசை மட்டும் வட்டமாக இருக்கிறது பார். அந்தப் பசையில் கொஞ்சம் தூசு படிந்திருக்கிறது. அந்தத் தூசும் இருக்கட்டும்.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? நாளைக்குக் காலையிலேயே வந்துவிடு. காலைக் கழுவிக்கொண்டு வா.